எந்தக் கேள்விக்காக இந்த டிரையல்?

மேன்டில் செல் லிம்ஃபோமாவுக்கு டிரையல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு மருந்தின் பெயரோடுதான் வருகிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் அனுப்பியதாக இருக்கும், அல்லது வாட்ஸாப்பில் சுற்றி வந்ததாக இருக்கும். "இந்த மருந்து இங்கே டிரையல்ல கிடைக்குமா?" என்று கேட்பார்கள். என் கணவருக்காகத் தேடி அலைந்ததில் எனக்குப் புரிந்தது வேறு. ஒவ்வொரு டிரையலும் ஏதோ ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காக நடக்கிறது. அந்தக் கேள்வியைப் பிடித்துவிட்டால் யாரைச் சேர்ப்பார்கள், யாரைக் கழிப்பார்கள், நமக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும். மருந்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவோம்.

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. மதுரையில் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம்ஸ் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாலிசியின் முன்பக்கத்தில் குடும்பமே சிரித்துக்கொண்டிருக்கும். சண்டை வருவது எப்போதும் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகளைப் பற்றித்தான். அதனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் நடுவிலிருந்து படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. டிரையல் தாள்களைப் படிப்பதற்கு அந்தப் பழக்கமே போதும் என்று நினைக்கிறேன்.

இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். 2019இல் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியது. வலி கிடையாது. மண்ணீரல் வீங்கி, நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்டது என்பார். பயாப்ஸியில் மேன்டில் செல் என்று வந்தது. நான்‑ஹாட்ஜ்கின் லிம்ஃபோமாக்காரர்கள் நூறு பேரை எடுத்தால் ஐந்தாறு பேருக்கு வருகிற வகை. 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கே அதிகம். 11ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் சைக்ளின் டி1 என்ற புரதம் அளவுக்கு மீறி உண்டாகி, பி செல்கள் நிற்காமல் பெருகுகின்றன. முதல் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். பிறகு திரும்பி வரும். இவருக்குப் பெண்டமஸ்டினும் ரிட்டுக்ஸிமாபும் கொடுத்தார்கள். 2023 தொடக்கத்தில் திரும்பியது. அப்போது இவருக்கு வயது 66.

டிரையலை எப்போது கேட்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசியாகத் தட்டும் கதவு அது என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. மேன்டில் செல்லில் பெரிய டிரையல்கள் சில, ஒரு ஊசிகூடப் போடாதவர்களுக்கானவை. ஐரோப்பிய மேன்டில் செல் குழு நடத்திய ட்ரையாங்கிள் என்ற ஆய்வில் 870 பேரைச் சேர்த்தார்கள். 65 வயது வரை, இதுவரை சிகிச்சையே பெறாதவர்கள். ஒரு சுற்றுக் கீமோ ஏறிவிட்டால் அப்படிப்பட்ட ஆய்வில் இடம் கிடையாது. நோய் திரும்பியவர்களுக்கான டிரையல்களிலும் கடைசி மருந்துக்கும் புது மருந்துக்கும் நடுவே இத்தனை வாரம் இடைவெளி வேண்டும் என்று இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரைக்கும் தனி வரம்பு உண்டு. ஆகவே ஒவ்வொரு சிகிச்சையும் தொடங்குவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்டது இப்படி: "டாக்டர், அடுத்த மருந்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, இவர் சேரக்கூடிய டிரையல் இங்கேயோ வேற ஊர்லயோ இருக்குதா?"

"இங்க இப்ப இல்லம்மா. வெளியே தேடிப் பாருங்க, கிடைச்சா கொண்டாங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார். கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் அவ்வளவு சொன்னதே பெரிது. பல டாக்டர்களுக்குத் தங்கள் மருத்துவமனையில் நடக்கும் டிரையல்கள் தெரியும். மற்ற ஊர்களில் நடப்பதையெல்லாம் தலையில் வைத்திருக்க முடியாது. தேடுவது வீட்டுக்காரர்கள் வேலை.

தேடும் இடம் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. 2007 ஜூலையில் தொடங்கியது. 2009 ஜூன் முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரலிலிருந்து முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். அமெரிக்கப் பதிவேட்டிலும் இந்தியா என்று நாட்டைத் தேர்ந்தெடுத்துத் தேடினால் பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுகள் கிடைக்கும். அங்கே ஒவ்வொன்றுக்கும் என்சிடி என்று தொடங்கும் எட்டு இலக்க எண் உண்டு. ஒரே ஆய்வு இரண்டு இடத்திலும் இருந்தால் இரண்டையும் படியுங்கள். ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும்.

"மேன்டில்" என்று மட்டும் போட்டுத் தேடினால் கிடைப்பது சொற்பம். நோய் அரிது என்பதால் பல ஆய்வுகளில் இதை மற்ற பி செல் லிம்ஃபோமாக்களோடு சேர்த்தே வைத்திருப்பார்கள். "பி செல்", "நான்‑ஹாட்ஜ்கின்", வெறும் "லிம்ஃபோமா" என்று அகலப்படுத்திப் பார்க்க வேண்டும். பிறகு "பிடிகே", "கார் டி" என்று மருந்தின் வகையை வைத்துத் தேட வேண்டும். இப்படித் தேடியதில் பிடிகே வழியாகத்தான் எங்களுக்கு வழி பிறந்தது.

சிடிஆர்ஐ பக்கம் ஒரு நீண்ட அட்டவணை. மேலிருந்து படித்தால் தலை சுற்றும். நான் படிக்கும் வரிசை வேறு. முதலில் ஆள் சேர்ப்பு நிலை. அதில் இரண்டு வரி இருக்கும்: உலக அளவில் ஒன்று, இந்தியாவில் ஒன்று. உலகத்தில் திறந்து இந்தியாவில் மூடியிருக்கும், தலைகீழாகவும் இருக்கும். அடுத்தது ஆய்வு நடக்கும் இடங்கள். மருத்துவமனையின் பெயர், டாக்டர் பெயர், தொலைபேசி எண் எல்லாம் அங்கே உண்டு. மூன்றாவதாக, எந்த மருந்து, எதோடு ஒப்பிடுகிறார்கள் என்ற பகுதி. நான்காவதாக, முதன்மை முடிவாக எதை அளக்கிறார்கள். இந்த மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து வைத்துப் படித்தால் டிரையலின் கேள்வி வெளியே வந்துவிடும். "இன்ன நோயாளிக்கு, இந்த மருந்து அந்த மருந்தைவிட, இன்ன விஷயத்தில் மேலா?" என்று ஒரே வாக்கியமாக நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொண்டு, திரும்பப் படிப்பேன்.

இந்தக் கேள்வி விவகாரம் எவ்வளவு முக்கியம் என்று காட்டியது ஒரு செய்தி. 2023 ஏப்ரலில் பெங்களூரிலிருந்து மகன் அனுப்பினான்: இப்ருடினிப் மாத்திரைக்கு மேன்டில் செல்லுக்காக இருந்த அனுமதியை அமெரிக்காவில் திரும்பப் பெறுகிறார்கள். எங்கள் டாக்டர் இவருக்கு எழுத நினைத்திருந்ததே அந்த மாத்திரைதான். வீட்டில் எல்லாருக்கும் முகம் தொங்கிவிட்டது. நான் உட்கார்ந்து பின்னோக்கிப் படித்தேன்.

இப்ருடினிப், பி செல்லுக்குள் "பெருகு" என்று சேதி கடத்தும் பிடிகே என்ற நொதியைப் பூட்டிவைக்கும் மாத்திரை. நோய் திரும்பிய 111 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 68 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க எதிர்த் தரப்பு என்று ஒன்று அந்த ஆய்வில் இல்லை. அங்கே கேட்கப்பட்ட கேள்வி, "கட்டி சுருங்குகிறதா?" என்பது. அதை வைத்து 2013 நவம்பரில் அமெரிக்கா விரைவு அனுமதி கொடுத்தது. பின்னால் பெரிய ஆய்வில் பயனை உறுதிப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெரிய ஆய்வு ஷைன். 65 வயதும் அதற்கு மேலும் ஆன, புதிதாக நோய் கண்ட 523 பேர். எல்லாருக்கும் பெண்டமஸ்டினும் ரிட்டுக்ஸிமாபும் உண்டு. அதோடு பாதிப் பேருக்கு இப்ருடினிப், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. 2022இல் முடிவு வெளியானது. நோய் முற்றாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு இப்ருடினிப் தரப்பில் 80.6 மாதம், மற்றத் தரப்பில் 52.9 மாதம்.

இரண்டு வருடத்துக்கு மேல் வித்தியாசம். இவ்வளவு நல்ல முடிவுக்குப் பிறகு எதற்குத் திரும்பப் பெற்றார்கள்? கீழே படித்தால் தெரியும். மொத்த ஆயுளில் இரு தரப்புக்கும் வித்தியாசம் தென்படவில்லை. பக்கவிளைவு மாத்திரைத் தரப்பில் கூடுதல். மாத்திரை கிடைக்காத தரப்பில் நோய் திரும்பியவர்கள் பலர், அந்தச் சமயத்தில் இதே குடும்பத்து மாத்திரையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிட்டது.

இதில் இவருக்கான சேதி என்ன? இவர் புதிதாக நோய் கண்டவர் இல்லை, நோய் திரும்பியவர். ஷைன் கேட்ட கேள்வி இவருடைய கேள்வியே இல்லை. டாக்டரிடம் நோட்டைக் காட்டியபோது அவரும் அதைத்தான் சொன்னார். "நியூஸைப் பார்த்து பயப்படாதீங்கம்மா. திரும்பி வந்த நோய்க்கு இந்த வகை மாத்திரை இன்னும் முதல் வரிசையிலதான் இருக்கு." பிற்பாடு, ஷைனின் அதே கேள்வியை அகலாப்ருடினிப் என்ற தங்கை மாத்திரையை வைத்து எக்கோ என்ற ஆய்வில் கேட்டார்கள். மாத்திரைத் தரப்பில் 66.4 மாதம், மற்றத் தரப்பில் 49.6 மாதம். 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இந்த நடுமதிப்பு என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 80.6 மாதம் என்றால் நமக்கு 80.6 மாதம் என்று எழுதி வைத்திருக்கிறது என்று பொருளில்லை. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதற்குள் நோய் முற்றியோ மரணம் நேர்ந்தோ இருக்கிறது, பாதிப் பேர் அதைத் தாண்டியிருக்கிறார்கள். செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கி‑67 என்ற எண் 30 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்கள், டிபி53 மரபணு கெட்டிருப்பவர்கள் போக்கு வேறு. இவை பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிபி53 சோதனை செய்யவில்லை என்றால் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் என்றே 25 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மேலே சொன்ன ட்ரையாங்கிள்தான். டிரையல் என்றாலே கூட ஒரு மருந்தைத் திணிப்பது என்ற எண்ணத்தை உடைக்கிறது அது. இளவயதுக்காரர்களுக்குக் கீமோ முடிந்ததும் சொந்த ஸ்டெம் செல் மாற்று செய்வது பல வருட வழக்கம். கடுமையான சிகிச்சை, வாய் புண்ணாகி, வாரக்கணக்கில் தனி அறை. அந்த மாற்றுச் சிகிச்சை இனித் தேவையா என்று கேட்டது இந்த ஆய்வு. ஒரு தரப்புக்கு வழக்கப்படி. ஒரு தரப்புக்கு வழக்கத்தோடு இப்ருடினிப். மூன்றாம் தரப்புக்கு இப்ருடினிப் உண்டு, மாற்று கிடையாது. மூன்று வருடம் சிகிச்சை தோற்காமல் இருந்தவர்கள் முறையே 72, 88, 86 சதவீதம். மாற்றே செய்யாத தரப்பு, வழக்கமான தரப்பைவிட முன்னால் நிற்கிறது. ஒரு சிகிச்சையைக் கழற்றிப் பார்க்கிற ஆய்வு நோயாளிக்கு எவ்வளவு நல்லது செய்யும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் கண்டுபிடித்த டிரையல் சென்னையில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. நோய் திரும்பியவர்களுக்கு, ஒரு புது பிடிகே மாத்திரை ஏற்கனவே கடையில் இருக்கும் பிடிகே மாத்திரையைவிட மேலா என்பது கேள்வி. பதிவேட்டில் இருந்த நிறுவனத்தின் எண்ணுக்குப் போன் செய்தால் மருத்துவமனையைக் கேளுங்கள் என்றார்கள். மருத்துவமனைக்குப் போன் செய்தால் டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, இதில் பிடிக்க வேண்டிய ஆள் ஸ்டடி கோஆர்டினேட்டர். ஒவ்வொரு டிரையலுக்கும் ஒருவர் இருப்பார். இடம் இருக்கிறதா, என்ன தாள் வேண்டும், எந்த நாளில் வர வேண்டும் எல்லாம் அவர் கையில். எங்கள் கோஆர்டினேட்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண். "ஒரே பக்கத்துல எழுதி அனுப்புங்க மேடம்" என்றாள். வயது, நோய், எந்தத் தேதியில் எந்த மருந்து தொடங்கி எப்போது முடிந்தது, கடைசி ரத்த எண்ணிக்கை, கூட இருக்கும் மற்ற நோய்கள். கிளெய்ம் சுருக்கம் எழுதிய கைக்கு இது பெரிய வேலை இல்லை. முப்பது பக்கக் கோப்பை ஸ்கேன் செய்து அனுப்புவதற்கு அந்த ஒரு பக்கம் மேல்.

அடுத்து பிளாக். பயாப்ஸியில் எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். ஓரத்தில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். டிரையலுக்கு அதைத்தான் கேட்பார்கள். ரிப்போர்ட் போதாது. கண்ணாடி ஸ்லைடும் பல இடங்களில் போதாது. 2019இல் பயாப்ஸி செய்த லேபில் ஆதார் நகலும் டாக்டர் கடிதமும் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வாங்கியதைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள் என்று கவுன்டரில் இருந்த பையன் சொன்னான். மெழுகு அல்லவா? எந்த வகை லிம்ஃபோமாவாக இருந்தாலும் அந்த பிளாக் எந்த லேபில் இருக்கிறது, எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள்.

தகுதி நிபந்தனைகள் பட்டியலைப் பார்த்துப் பாதியிலேயே மனம் விட்டுவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலை முழுதாகப் படிக்க வேண்டும். விதிவிலக்கு எப்போதும் வாக்கியத்தின் வாலில் இருக்கும். பிளேட்லெட் 75,000 வேண்டும் என்று போட்டிருந்தது. இவருக்கு அறுபதாயிரத்துச் சொச்சம். அதே வரியின் கடைசியில், எலும்பு மஜ்ஜையில் நோய் இருந்தால் 50,000 போதும் என்று இருந்தது. இவருக்கு மஜ்ஜையில் நோய் இருந்தது. அதே போல ஹெபடைடிஸ் பி. நம் ஊரில் எப்போதோ வந்து தெரியாமலே போன தொற்றின் சுவடு ரத்தத்தில் இருக்கிறவர்கள் நிறைய. இவருக்கும் இருந்தது. ரிட்டுக்ஸிமாபும் பிடிகே மாத்திரைகளும் தூங்குகிற வைரஸைத் தட்டி எழுப்பிவிடக்கூடும் என்பதால் டிரையல்களில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். சுவடு இருந்தாலும் வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் இல்லை என்று காட்டி, தடுப்பு மாத்திரையும் எடுத்துக்கொண்டால் சேரலாம் என்று எங்கள் புரோட்டோகாலில் இருந்தது. அந்த நிபந்தனை எல்லா டிரையலிலும் ஒன்றாக இராது, கேட்க வேண்டும்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களைப் பல பிடிகே ஆய்வுகளில் சேர்ப்பதில்லை, ரத்தக் கசிவு பயம். உடம்பு மருந்தை உடைக்கும் வேகத்தைக் குறைக்கும் சில ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்துகளும் கூடாது. கிரேப்ஃப்ரூட்டும் அந்த வேலையைச் செய்யும் என்பதால் அதுவும் கூடாது. எங்கள் தடைப் பட்டியலில் பம்ப்ளிமாஸும் இருந்தது. நாட்டு மருந்து, கஷாயம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு லேகியத்தை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார், முணுமுணுத்துக்கொண்டே.

இனி ஒப்புதல் படிவம். சோதனைகள் எதுவும் தொடங்குவதற்கு முன் இதில் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் கொடுத்தார்கள். அன்றே கையெழுத்துப் போடத் தேவையில்லை, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். நாங்கள் எடுத்துவந்தோம். கடைசிப் பக்கத்தில் படிப்பு, தொழில், ஆண்டு வருமானம் என்று கட்டங்கள். அதன் கீழே நாமினி பெயர், உறவு, முகவரி. இவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதுலயும் நாமினி நீதானா?"

"வேற யாரை வச்சிருக்கீங்க?" என்றேன்.

நாமினி எதற்கு என்றால், ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு. இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வின் காரணமாக உடலுக்குத் தீங்கு வந்தால் அதற்கான சிகிச்சை இலவசம். மரணம் நேர்ந்தால் ஒரு சூத்திரம்: 8 லட்சம் ரூபாயை வயதுக்கான எண்ணாலும் நோயின் நிலைக்கான எண்ணாலும் பெருக்கி 99.37ஆல் வகுக்க வேண்டும். 99.37 என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் வயது அட்டவணையில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான எண் அது. ஆபீசில் எத்தனையோ கிளெய்முக்கு அந்த அட்டவணையைப் புரட்டியிருக்கிறேன். 66 வயதுக்காரருக்கு மேலேயும் 99.37, கீழேயும் 99.37, இரண்டும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது நோயின் நிலைக்கான எண். ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்ற நிலையில் இருப்பவருக்கு 0.5, ஆரோக்கியமானவருக்கு 4. ஆக 4 லட்சத்திலிருந்து 32 லட்சம் வரை; 65 தாண்டிய நோயாளிக்கு அந்த உச்சம் ஏட்டில்தான். வீட்டில் மின்வாரியக்காரருக்குக் கணக்கை விளக்கினேன். கம்பத்தில் அடிபட்ட சகாக்களின் வீடுகளுக்கு இந்த அட்டவணையோடு போய் வந்தவர் அவர். "கம்பத்துல செத்தாலும் மாத்திரையில செத்தாலும் ஒரே டேபிள்தானா?" என்று கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

போடுவதற்கு முன் நான் எழுதி எடுத்துப்போய்க் கேட்டவற்றில் சில எல்லாருக்கும் பயன்படும். சேராவிட்டால் இவருக்கு என்ன சிகிச்சை? எந்த ஸ்கேன், எந்த ரத்தச் சோதனை நிறுவனத்தின் செலவு, எது நம் செலவு? பயணப்படி உண்டா? இரவு காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது, மதுரையில் சேர்த்தால் அந்தச் செலவு யாருடையது? நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை இதே இடத்தில் தொடருமா? காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை கெடக்கூடாது என்பது விதி. ஆனாலும் கேட்டு வைப்பது நல்லது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு என் தொழில் சார்ந்த ஒரு குறிப்பு: நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கான செலவு கிடையாது என்று பாலிசிகளில் பொதுவான விலக்கு உண்டு. டிரையல் செலவைக் காப்பீட்டில் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் நமக்கு உரியது. வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

என் நாத்தனார் போனில் பொரிந்து தள்ளினாள். "ஏன் அண்ணி, எங்க அண்ணனைச் சோதனை எலி ஆக்கிட்டீங்களா?" மூன்றாம் கட்ட ஆய்வில் எலி வேலை எப்போதோ முடிந்திருக்கும் என்று சொன்னேன். முதல் கட்டத்தில் எவ்வளவு மருந்தைத் தாங்கும் என்று கொஞ்சம் பேரிடம் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவதில் இப்போதைய சிகிச்சையோடு மோதவிடுவார்கள். அவளுக்கு இன்னொரு பயம், சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றிவிடுவார்களோ என்று. சிகிச்சை இருக்கிற நோயில் பொதுவாக வெறும் மாத்திரையைத் தனியாகக் கொடுத்து உட்காரவைப்பதில்லை. ஷைனில்கூட வெறும் மாத்திரைத் தரப்புக்கு முழுக் கீமோ உண்டு. எங்கள் டிரையலில் வெறும் மாத்திரையே கிடையாது.

கம்ப்யூட்டர் குலுக்கலில் இவருக்கு வந்தது பழைய மாத்திரை.

வீட்டில் பலருக்கு ஏமாற்றம். எனக்கு அவ்வளவாக இல்லை. அந்தப் பழைய மாத்திரையை மாதாமாதம் கடையில் வாங்கினால் ஓய்வூதியத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவள் நான். டாக்டர் எழுதவிருந்த அதே வகை மருந்து, கையில் காசில்லாமல், குறித்த தேதியில் ஸ்கேனோடு கிடைத்தது. புதியது மேலா என்று தெரியாததால்தானே ஆய்வே நடத்துகிறார்கள்? ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். நாங்கள் சேர்ந்ததற்கு மருந்துச் செலவு ஒரு பெரிய காரணம். நம் நாட்டில் டிரையலில் சேர்கிறவர்களில் எத்தனை பேர் அறிவியலுக்காகச் சேர்கிறார்கள், எத்தனை பேர் விலைக்காகச் சேர்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

காசு விஷயத்தில் எதிர்ப்பக்கமும் உண்டு. இவர் நோயைக் கேள்விப்பட்டு, ஸ்டெம் செல் ஊசி என்று ஒருவர் சில லட்சங்கள் கேட்டுப் போன் செய்தார். ஆய்வுதான் என்றார். ஆய்வில் சேரக் கட்டணம் கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடலாம். அந்த ஆள் பதிவு எண்ணும் கொடுத்தார் என்பதுதான் வேடிக்கை. பதிவேட்டில் எண் இருப்பது அங்கீகாரம் இல்லை. அதே பக்கத்தில் எதிக்ஸ் கமிட்டி அனுமதி, மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகத்தின் அனுமதி என்ற வரிகளைப் பார்த்தால் நிலவரம் தெரியும். முறையாக நடந்தவை எங்கே போய்ச் சேர்கின்றன என்பதற்கு நெக்ஸ்கார்19 இருக்கிறது. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய கார் டி சிகிச்சை. நோயாளியின் டி செல்லை எடுத்து, மாற்றியமைத்து, திரும்ப ஏற்றுவது. நம் நோயாளிகள் டிரையலில் சேர்ந்ததால் 2023 அக்டோபரில் அதற்கு அனுமதி கிடைத்தது. விலை பல லட்சம்தான், ஆனாலும் வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்கு.

சேர்ந்த பிறகு வாழ்க்கை பாண்டியன் எக்ஸ்பிரஸ் அட்டவணைப்படி ஓடத் தொடங்கியது. முதலில் அடிக்கடி, பிறகு நாலு வாரத்துக்கு ஒரு முறை. டப்பாவைக் கொண்டுபோனால் மீதி மாத்திரையைக் கோஆர்டினேட்டர் மேஜையில் கொட்டி எண்ணுவாள். ஒன்று கூடினாலும் எந்த நாள் விட்டது என்று கேள்வி வரும். காலி டப்பாவைக்கூட வீட்டில் வைத்துக்கொள்ள விடமாட்டாள். எந்த நேரத்தில் மாத்திரை போட்டார் என்று டைரியில் எழுத வேண்டும். இவர் மின்தடை நேரம் குறிக்கிற பாணியில் 24 மணிக் கணக்கில் எழுதுவார். உடம்பில் புதிதாக எது வந்தாலும் பதிய வேண்டும். கையில் ஒரு கன்றிய நீலம் வந்தால் அதற்கும் ஒரு தாள். பேரன் கிரிக்கெட் பந்து பட்டதாலா, மாத்திரையாலா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், நாம் சொல்லாமல் விடக்கூடாது.

கடைசியாக, ஆய்வு முடிந்த பிறகு மருந்து. இதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். ஆய்வு மருந்தால் பலன் பெற்ற நோயாளிக்கு, அந்த நோய்க்கு மாற்றுச் சிகிச்சை இல்லாமல், டாக்டர் பரிந்துரைத்து எதிக்ஸ் கமிட்டியும் ஒப்புக்கொண்டால், முடிந்த பிறகும் இலவசமாகத் தொடர்ந்து கொடுக்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அந்த விதி பேசுவது புது மருந்தைப் பற்றி. குலுக்கலில் பழைய மருந்து வந்தவர்கள் கதி என்ன என்று அதில் ஒரு வரியும் எனக்குக் கண்ணில் படவில்லை. வாயால் கேட்டேன், "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றாள் கோஆர்டினேட்டர். எனக்கு அந்தப் பதில் போதாது, கிளெய்ம்ஸ் செக்‌ஷனில் யாருக்கும் போதாது. எழுத்தில் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஆய்வு இந்தியாவில் திறந்திருக்கும் வரை மாத்திரை தொடரும், மூடுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவித்து, மாற்று ஏற்பாடு பற்றிப் பேசுவோம் என்று டாக்டர் கையெழுத்தோடு பதில் வந்தது. "முன்கூட்டியே" என்றால் எத்தனை மாதம் என்று அடுத்த மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.